சித்தூருக்குக் குடிபோகலாமா?

சென்னை வாடகையும் பெங்களூரு நெரிசலும் போதும் என்று அலுத்துக்கொள்ளும் குடும்பத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை சித்தூரும் திருப்பதியும். போனால் என்ன மிஞ்சும், எது கைவிட்டுப் போகும்? வீட்டில் ஆளாளுக்குத் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

“பேசாம ஏதாவது சின்ன ஊருக்குப் போயிடலாம்.” சென்னையிலும் பெங்களூரிலும் இந்தப் பேச்சு எழாத வீடு குறைவு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது எழுந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது மறுபடி எழுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும், 2024 கோடையில் பெங்களூரின் போர்வெல்கள் கைவிட்டபோதும் அதே பேச்சு. 2020 கொரோனா ஊரடங்கில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு அது வெறும் புலம்பலாக நிற்கவில்லை, திட்டமாக மாறியது.

அப்படித் திட்டம் போடுகிறவர்கள் வரைபடத்தை விரித்தால், இரண்டு பெருநகரங்களுக்கும் நடுவே சித்தூர் தெரியும். பெங்களூருக்குச் சுமார் 180 கி.மீ., சென்னைக்குச் சுமார் 150 கி.மீ., வேலூருக்கு 35 கி.மீ. எழுபது கிலோமீட்டர் வடக்கே போனால் திருப்பதி. கடைத்தெருவில் தமிழ் புரியும், சாப்பாடு அந்நியமாக இருக்காது, மாநிலம்தான் வேறு. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உண்மையில் முடிவின் பாதி அதில்தான் அடங்கியிருக்கிறது.

ஊர் மாறுவதற்கு நாம் வழக்கமாகப் போடும் கணக்கு, சம்பளம் எவ்வளவு குறையும், வாடகை எவ்வளவு குறையும் என்பதுதான். அது சம்பாதிப்பவரின் கணக்கு. ஆனால் குடிபெயர்வதால் வரும் நன்மையும் இழப்பும் ஒரே ஆள்மேல் விழுவதில்லை. வாடகை மிச்சம் அப்பாவுக்கு, வேலை போவது அம்மாவுக்கு என்று ஆகலாம். தாத்தாவுக்குக் காலாற நடக்க இடம் கிடைக்கும், பேத்திக்குக் கல்லூரி இடம் கிடைக்காமல் போகும். இதையெல்லாம் ஒன்றாகக் கூட்டி ‘மொத்தத்தில் லாபம்’ என்று சொல்வது நியாயமில்லை.

எல்லை நகர்ந்த மண்

சித்தூர் தமிழருக்குப் புதிய ஊர் இல்லை. சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத்துக்கு அதுதான் தலைநகராக இருந்தது. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமானது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது திருப்பதியோடு சேர்ந்து அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், எல்லை நடுவர் பட்டாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி தமிழகத்தோடு இணைந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி தனி மாவட்டமாகி, ஸ்ரீகாளஹஸ்தி, சூளூர்பேட்டை, ஸ்ரீசிட்டி எல்லாம் அதில் அடங்கின.

மாநில எல்லை நகர்ந்ததே தவிர, மக்களின் போக்குவரத்து மாறவில்லை. சித்தூர்க்காரர்கள் வைத்தியத்துக்கு வேலூர் போகிறார்கள், படிப்புக்கும் வேலைக்கும் சென்னை, பெங்களூரு போகிறார்கள். நகரி, சத்யவேடு, குப்பம் பக்கங்களில் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்குமாகத் தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. அங்கே குடிபோகிறவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் பேச்சு மொழி பொதுவாக இருப்பதால் சட்டமும் பொதுவாகிவிடாது.

சம்பாதிப்பவரின் கணக்கு

நகரத்துக்கு நகரம் செலவு எவ்வளவு வேறுபடும் என்பதற்கு மத்திய அரசே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அதன் ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப்படி கொடுக்க நகரங்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அகவிலைப்படி 50 சதவிகிதத்தைத் தொட்ட 2024 ஜனவரியிலிருந்து, முதல் வகை நகரங்களான சென்னைக்கும் பெங்களூருக்கும் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவிகிதம். சித்தூர் போன்ற மூன்றாம் வகை ஊர்களுக்கு 10 சதவிகிதம். அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் என்றால் சென்னையில் கிடைக்கும் 15,000 சித்தூரில் 5,000 ஆகிவிடும். மாற்றல் வாங்கி வருபவருக்கு வாடகை குறையும்போதே வாடகைப்படியும் குறைகிறது. ஆகவே பெரிய மிச்சம் யாருக்கு? பெருநகரச் சம்பளத்தை அப்படியே வைத்துக்கொண்டு சின்ன ஊரில் வாழ்பவருக்கு, அல்லது வாடகைப்படி பற்றிக் கவலையில்லாத ஓய்வூதியருக்கு.

பெருநகரச் சம்பளத்தோடு சின்ன ஊரில் இருப்பது நிறுவனத்தின் தயவில் நிற்கும் ஏற்பாடு. 2023 அக்டோபர் முதல் வாரத்தின் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்று டிசிஎஸ் சொன்னபோது, ஊரில் வீடு பிடித்து உட்கார்ந்திருந்த பலர் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. அந்த நிலை எந்த நிறுவனத்திலும் வரலாம். சித்தூரிலிருந்து பெங்களூருக்கு வாரம் ஒருமுறை போய்வரலாம், தினமும் முடியாது. வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்பது நியமனக் கடிதத்தில் எழுத்தில் இருக்கிறதா, மேலாளரின் வாய்வார்த்தையா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உள்ளூரிலேயே வேலை தேடினால் திருப்பதி வட்டாரம் கைகொடுக்கும். சென்னையிலிருந்து வடக்கே சுமார் 55 கி.மீ. தொலைவில், தடாவை ஒட்டி 2008-ல் தொடங்கிய ஸ்ரீசிட்டியில் இசுசு, டைகின், கொபெல்கோ, கேட்பரி சாக்லேட் தயாரிக்கும் மாண்டெலீஸ் போன்ற நிறுவனங்களின் ஆலைகள் இயங்குகின்றன. திருப்பதியை ஒட்டிய மின்னணுத் தொழிற்பேட்டைகளில் டிக்சன், டிசிஎல் நிறுவனங்கள் இருக்கின்றன. தென்காசியில் 2011-ல் அலுவலகம் திறந்து வழிகாட்டிய ஸோஹோவுக்கு ரேணிகுண்டாவிலும் அலுவலகம் உண்டு. 1971-ல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட ஸ்ரீஹரிகோட்டாவை நம்பிச் சூளூர்பேட்டையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இதற்கெல்லாம் முன்னோடிகள். சென்னைப் புறநகர் ரயில் அந்த ஊர் வரை போகிறது.

எந்த வேலை இடம்பெயரும், எது பெயராது என்பதற்கு இந்த மண்ணின் இரண்டு பிரமுகர்களின் வரலாறே பாடம். அமெரிக்காவில் பொறியாளராக இருந்த கல்லா ராமச்சந்திர நாயுடு சொந்த மாவட்டத்துக்குத் திரும்பி 1985-ல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். கரகம்பாடியிலிருந்து ‘அமரான்’ பேட்டரி நாடெங்கும் போனது. சித்தூரை அடுத்த அரகொண்டாவில் பிறந்த டாக்டர் பிரதாப் சி. ரெட்டியோ 1983-ல் முதல் அப்பல்லோ மருத்துவமனையைச் சென்னையில்தான் கட்டினார். பிறந்த ஊருக்கு அதன் கிளை பிறகு வந்தது. செய்த பொருளை லாரியில் ஏற்றி அனுப்பலாம் என்றால் தொழிலைச் சின்ன ஊரிலேயே நடத்தலாம். நூறு வகை நிபுணர்களும் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களும் ஒரே இடத்தில் தேவை என்றால் பெருநகரம் வேண்டும். உங்கள் தொழில் எந்த வகை என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சம்பளம்

வீட்டில் இருவர் சம்பாதித்தால், குடிபெயர்வதற்கான விலையைப் பெரும்பாலும் கொடுப்பது மனைவிதான். கணவரின் மடிக்கணினி எங்கிருந்தாலும் வேலை செய்யும். ஆசிரியை, செவிலியர், வழக்கறிஞர், வங்கி ஊழியர் நிலை அப்படியில்லை. தமிழ்நாட்டு ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) பெற்ற தேர்ச்சியை வைத்து ஆந்திர அரசுப் பள்ளியில் சேர முடியாது. அங்கே தனித் தகுதித் தேர்வு, ஆசிரியர் நியமனத்துக்குத் தனி டிஎஸ்சி தேர்வு. செவிலியர் அந்த மாநில கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். வழக்கறிஞர் பார் கவுன்சில் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய பாடு, கீழமை நீதிமன்றத்தில் தெலுங்கில் வரும் ஆவணங்களைப் படித்தாக வேண்டும். தனியார் பள்ளியிலோ மருத்துவமனையிலோ சேரலாம் என்றால், சின்ன ஊர்ச் சம்பளத்துக்குத் தயாராக வேண்டும்.

அரசு உதவிகளும் இந்தக் கணக்கில் சேரும். தமிழகத்தில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஆந்திரத்தில் 2025 ஆகஸ்ட் 15 முதல் ‘ஸ்த்ரீ சக்தி’ திட்டத்தில் பெண்களுக்கு இலவசப் பயணம் உண்டு. ஆனால் ஆந்திர முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். ரேஷன் அட்டையை மாற்றும்போது ஒரு மாநிலத்தின் உதவி நின்று, மறு மாநிலத்தின் உதவி தொடங்குவதற்குள் மாதங்கள் ஓடலாம். இந்த இடைவெளி பெரும்பாலும் பெண்ணின் கைச்செலவில்தான் இடிக்கும்.

ஆகவே முடிவெடுக்கும் முன் எழுப்ப வேண்டிய கேள்வி, ‘அங்கே அவளுக்கும் ஏதாவது வேலை கிடைக்காதா?’ என்பதல்ல. அவருக்கு எந்த வேலை, எவ்வளவு சம்பளம், எந்த மாதத்திலிருந்து என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் அந்தச் சம்பளத்தைப் பூஜ்ஜியம் என்று போட்டுக் கணக்குப் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பு என்னும் கெடு

பிள்ளைகள் விஷயத்தில்தான் மாநில எல்லை சுவராக எழுகிறது. அரசியலமைப்பின் 371-டி பிரிவின் கீழ் வந்த 1974-ஆம் ஆண்டு ஆணைப்படி, ஆந்திரக் கல்லூரி இடங்களில் 85 சதவிகிதம் ‘லோக்கல்’ மாணவர்களுக்கு. சித்தூரும் திருப்பதியும் ஸ்ரீவெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வட்டாரத்தில் வருகின்றன. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடிகிற தொடர்ச்சியான நான்கு கல்வியாண்டுகள் அந்த வட்டாரத்தில் படித்திருப்பதுதான் லோக்கல் ஆவதற்கான முக்கிய வழி. பள்ளியில் வாங்கும் ‘ஸ்டடி சர்டிஃபிகேட்’தான் அதற்குச் சான்று.

அதன் பொருள் எளிது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டுமானால், ஒன்பதாம் வகுப்பின் முதல் நாளே பிள்ளை அங்கே இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பை சென்னையில் முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பது இயல்பு. அந்த இயல்பான முடிவுதான் பிள்ளையை லோக்கல் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. மீதி 15 சதவிகித இடங்களுக்கும் நிபந்தனைகள் உண்டு. பெற்றோர் பல ஆண்டுகள் அந்த மாநிலத்தில் வசித்ததற்கான சான்று கேட்கப்படும்.

தமிழகத்தின் கதவும் முழுதாகத் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். தமிழகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பிள்ளை வெளியே படித்தாலும் நேட்டிவிட்டி சான்றிதழோடு கலந்தாய்வுக்கு வர வழி இருக்கிறது. ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அந்தச் சலுகையை நம்பியிருக்கும் குடும்பம், நடுவில் இரண்டு ஆண்டுகள் சித்தூர் போய்வந்தால் அதை இழக்கிறது.

சாதிச் சான்றிதழில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு மாநிலத்தில் பட்டியலினத்தவராக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அதே இடஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் தீர்ப்பளித்திருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இடஒதுக்கீட்டின் துணையோடு படித்து மேலேறிய முதல் தலைமுறைக் குடும்பங்களுக்கு இது வாடகை மிச்சத்தைவிடப் பல மடங்கு பெரிய விஷயம்.

படிப்பு முறையும் மாறுகிறது. தமிழகத்தில் பிளஸ் டூவும் பள்ளியிலேயே. ஆந்திரத்தில் பத்தாம் வகுப்போடு பள்ளி முடிந்து, ‘இன்டர்’ படிக்க ஜூனியர் கல்லூரிக்குப் போக வேண்டும். தமிழகத்தில் பொறியியல் நுழைவுத் தேர்வு ஒழிந்து, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் இடம். ஆந்திரத்தில் இஏபிசெட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்; அதற்கான பயிற்சியை ஒட்டியே பதின்வயது நகரும். ஐந்தாம் வகுப்புக் குழந்தை தெலுங்கை விளையாட்டாகப் பிடித்துக்கொள்ளும். பதினான்கு வயதில் தெலுங்கு எழுத்தைத் தொடங்குவது வேறு பாடு. அங்கிருந்து திரும்பி வந்தால், 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உயர்கல்விக்குத் திருப்பதி சின்ன ஊரே இல்லை. 1954-ல் ஸ்ரீவெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983-ல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015-ல் ஐஐடி, அதே ஆண்டில் ஐசர் என்று ஒரே வட்டாரத்தில் இத்தனை நிறுவனங்கள் அமைந்த ஊர்கள் தென்னிந்தியாவில் அதிகமில்லை. சின்னக் குழந்தையோடு போய், ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே வேரூன்றும் குடும்பத்துக்கு இதில் லாபம் உண்டு.

பெற்றோருக்கு எது நல்லது?

வயதானவர்களுக்குச் சின்ன ஊர்தான் சுகம் என்று பொதுவாகச் சொல்கிறோம். நடக்க இடம், கோயில், பேச்சுத்துணை எல்லாம் உண்மைதான். ஆனால் எழுபது வயதுக்கு மேல் ஊரின் தரத்தைத் தீர்மானிப்பது மருத்துவமனை.

இதில் திருப்பதிக்கும் சித்தூருக்கும் வேறுபாடு பெரிது. திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை, தேவஸ்தானம் நிறுவிய சுவிம்ஸ், எலும்பு மூட்டுக்குப் பேர்பெற்ற பர்ட், 2019-ல் வந்த அரவிந்த் கண் மருத்துவமனை, 2021-ல் தொடங்கிய குழந்தைகள் இதய மையம், டாடா அறக்கட்டளையின் துணையோடு 2022-ல் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை எல்லாம் சில கிலோமீட்டர்களுக்குள் இருக்கின்றன. சித்தூர் நகரம் பெரிய நோய்க்கு இன்னமும் வேலூரையோ திருப்பதியையோ பார்க்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை சித்தூர் பக்கத்திலும் வளாகம் அமைத்திருக்கிறது. அரகொண்டா கிராமத்தில் 2000 மார்ச்சில் தொலைமருத்துவ வசதியை அன்றைய அமெரிக்க அதிபர் கிளிண்டன் தொடங்கிவைத்தார். சின்ன ஊருக்கு நிபுணரின் ஆலோசனையைக் கொண்டுவரலாம் என்று இந்த மாவட்டம் அப்போதே காட்டியது. ஆனாலும் நெஞ்சுவலி வந்த இரவில் தேவைப்படுவது திரையில் தெரியும் மருத்துவர் அல்ல. பக்கத்தில் இருக்கும் கேத் லேப்.

தமிழக முதல்வரின் காப்பீட்டு அட்டை தமிழகக் குடும்ப அட்டையோடு கட்டுண்டது. ஆந்திரத்தில் என்டிஆர் வைத்திய சேவா அங்குள்ள குடும்பங்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் காப்பீடு இல்லாத மாதங்கள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே சிஎம்சியில் ஃபைல் இருக்கும் பெரியவருக்குச் சித்தூர் நன்மை; டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் இதய நோயாளிக்கும் திருப்பதி நல்லது.

தண்ணீரும் காற்றும் கூட்டமும்

தண்ணீர்க் கஷ்டத்துக்குப் பயந்து சித்தூர் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது ராயலசீமை. வற்றாத ஆறு கிடையாது. நீவா ஆறு மழைக்காலத்தில்தான் ஆறாக இருக்கும். போர்வெல், டேங்கர் லாரி, ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய் என்பது சித்தூர் வீடுகளுக்குப் பழகிப்போன வாழ்க்கை. திருப்பதிக்குக் கல்யாணி அணையும் தெலுங்கு கங்கை நீரும் இருப்பதால் நிலைமை கொஞ்சம் மேல். வெள்ளமும் விட்டுவைக்கவில்லை. 2021 நவம்பரில் கொட்டிய மழையில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் பாய்ந்தது. ராயலசெருவு ஏரி உடையுமோ என்று சுற்றுக் கிராமங்கள் காலி செய்யப்பட்டன.

சின்ன ஊர் என்றால் சுத்தமான காற்று என்பதும் தானாக அமைவதில்லை. தேசிய தூய காற்றுத் திட்டத்தில், தரம் எட்டாத நகரங்களின் பட்டியலில் சித்தூரும் இருக்கிறது. சாலைப் புழுதி, கனரக வாகனங்கள், சுற்றிலும் கிரானைட் வேலை என்று காரணங்கள் கண்முன்னே உண்டு. மூச்சுத் தொல்லைக்காக ஊர் மாறுபவர்கள் பலமநேர் பக்கம் பார்க்கலாம். உயரத்தில் இருப்பதால் அங்கே வெயில் குறைவு.

திருப்பதியின் தனிச் சிக்கல் கூட்டம். மலைக்கு நாள்தோறும் அறுபது, எழுபது ஆயிரம் பேர் வருகிறார்கள். நகரம் தன் மக்கள்தொகைக்கு மேல் இன்னொரு நகரத்தைத் தினமும் சுமக்கிறது. 2023 செப்டம்பரில் திறந்த நெடுநீள மேம்பாலம் நெரிசலைக் கொஞ்சம் குறைத்தது. 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காகக் கூடியவர்களில் ஆறு பேர் நெரிசலில் உயிரிழந்தது, இந்த ஊரில் கூட்டம் எவ்வளவு பெரிய அபாயம் என்பதைக் காட்டியது. விழா நாட்களில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போவதே பாடு. உள்ளூர்வாசிகளுக்கு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை தரிசனம் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது பக்தர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

நிலம் வாங்கும் முன்

சென்னையில் ஒரு ஃபிளாட்டின் விலைக்கு இங்கே தனி வீடே கட்டலாம் என்ற ஆசையில் வந்த வேகத்தில் மனை வாங்குபவர்கள் உண்டு. இங்கே சிட்டா கிடையாது. அடங்கல், 1-பி, பட்டாதார் பாஸ்புக் என்று ஆவணங்களே வேறு; எல்லாம் தெலுங்கில். அதைவிட முக்கியம், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பட்டியல். கோயில் நிலம், மடத்து நிலம், ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த டி.கே.டி. பட்டா நிலம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தால் பத்திரம் பதிய முடியாது. திருப்பதியைச் சுற்றி இத்தகைய நிலம் ஏராளம். ‘நோட்டரி போட்டுக்கலாம், அப்புறம் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்’ என்று புரோக்கர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

‘எக்ஸ்பிரஸ்வே வந்துட்டா விலை ஏறிடும்’ என்பது இன்னொரு பேச்சு. சுமார் 260 கி.மீ. நீளமுள்ள பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை சித்தூர் மாவட்டம் வழியாகத்தான் போகிறது. கர்நாடகப் பகுதியில் வாகனங்கள் ஓடத் தொடங்கின. மற்ற பகுதிகளின் பணி கெடுக்களைத் தாண்டி நீண்டது. திருப்பதி–பாகாலா–காட்பாடி 104 கி.மீ. ஒற்றை ரயில் பாதையை இரட்டையாக்க 2025 ஏப்ரலில் 1,332 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. இவை முடிந்தால் சித்தூரின் நிலையே மாறும். ஆனால் இன்றைய வாழ்க்கையை இன்று ஓடும் பஸ்ஸையும் ரயிலையும் வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

யார் போகலாம், யார் பொறுக்கலாம்?

சின்னக் குழந்தைகள் உள்ள, ஒருவர் சம்பளத்திலேயே ஓடும், அந்தச் சம்பளம் இடம் மாறினாலும் நிற்காது என்று எழுத்தில் உறுதியான குடும்பம் தாராளமாகப் போகலாம். ஸ்ரீசிட்டியிலோ ரேணிகுண்டாவிலோ வேலை கிடைத்தவருக்கு, தினமும் சென்னையிலிருந்து போய்வருவதைவிட வேலையிடத்துக்குப் பக்கத்தில் குடிவருவது வீட்டுக்கும் உடம்புக்கும் நல்லது. நடமாட்டம் குறையாத ஓய்வூதியர்களுக்கு இரு ஊர்களும் பொருந்தும்.

எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை இருந்தால், கல்லூரி சேரும் வரை பொறுங்கள். மனைவியின் அரசு வேலையையோ, வருடக்கணக்கில் கட்டியெழுப்பிய தொழிலையோ விட்டுத்தான் போக வேண்டும் என்றால், அவர் மனதாரச் சரி என்று சொல்லும் வரை பொறுங்கள். கடனை அடைக்க ஊர் மாற்றம் உதவும் என்று நினைப்பவர்கள், இடமாற்றத்துக்கே ஆகும் அட்வான்ஸ், பள்ளிச் சேர்க்கைக் கட்டணம், லாரி வாடகை எல்லாவற்றையும் முதலில் எழுதிப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓடும் காருக்கும் பைக்குக்கும் மறுபதிவும் அந்த மாநில வரியும் உண்டு.

போவது என்று முடிவானாலும் முதல் ஆண்டு வாடகை வீட்டில் இருங்கள். அந்த ஆண்டுக்குள் ஒரு ஏப்ரல், மே வந்து போகட்டும். சென்னை வீட்டை விற்காதீர்கள். தெலுங்கு எழுத்தைப் பெரியவர்களும் படியுங்கள். பஸ் பலகையும் மின் கட்டண ரசீதும் வாசிக்கத் தெரிந்தாலே பாதி அந்நியம் போய்விடும். பிள்ளையின் ஸ்டடி சர்டிஃபிகேட், நேட்டிவிட்டி, சாதிச் சான்றிதழ் மூன்றையும் கிளம்பும் முன்பே வாங்கி வையுங்கள்.

குடும்பங்கள் மட்டும் கணக்குப் போட்டால் போதாது. சென்னையும் பெங்களூரும் இதற்கு மேல் தாங்காது என்று அரசுகளுக்கே தெரியும். அப்படியானால் பக்கத்து ஊருக்குப் போகிறவரைச் சான்றிதழ்களால் தண்டிக்கக் கூடாது. எல்லை மாவட்டங்களிலாவது ஆசிரியர், செவிலியர் தகுதியை இரு மாநிலங்களும் பரஸ்பரம் ஏற்க வேண்டும். நடுவில் மாறிவரும் பிள்ளைக்கு ஏதாவது ஒரு மாநிலத்தில் முழு உரிமை உறுதியாக இருக்க வேண்டும். ஒரு மாநிலத்தின் மருத்துவக் காப்பீடு நிற்கும் நாளிலேயே மறு மாநிலத்துடையது தொடங்க வேண்டும். எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு ஆசிரியரும் பாடநூலும் தவறாமல் கிடைக்க வேண்டும். 1950-களில் எல்லைக்காகப் போராடிய மக்களின் பேரப்பிள்ளைகள் கேட்பது நிலத்தை அல்ல, இந்தச் சின்ன ஏற்பாடுகளைத்தான்.

அதுவரை, வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு தாளில் எனக்கு என்ன கிடைக்கும், எதை விட வேண்டும் என்று எழுதுங்கள். தாத்தா முதல் பள்ளிப் பிள்ளை வரை எழுதட்டும். ஒருவருடைய தாளில் இழப்பு மட்டுமே இருந்தால், அவருக்கு ஈடாக என்ன செய்வோம் என்பதற்குப் பதில் கிடைத்த பிறகு லாரிக்குச் சொல்லுங்கள். அப்படிப் போகிற குடும்பத்துக்குச் சித்தூரோ திருப்பதியோ நல்ல ஊராகவே அமையும்.